முத்திரை கலையாத சுவர்

ஒரு சுவர் நகர வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

சுவர் என்றால் கோட்டைச் சுவர் ஒன்றும் இல்லை. மூன்றாம் மாடி வீட்டுப் படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவே, அடியில் சக்கரமும் தண்டவாளமும் வைத்து, நகர்வதற்கென்றே கட்டிய சுவர். வீட்டைக் கொடுத்த அன்று வாரியத்து ஆள் அதைச் சுண்டுவிரலால் தள்ளிக் காட்டினான். "பாருங்கம்மா, உங்களுக்கு வயசாக ஆக வீடும் உங்களுக்கு ஏத்த மாதிரி வளைஞ்சு குடுக்கும்" என்றான். தையல்காரம்மா நம்பிக் கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் அதே ஆள் சுவரின் அடியில் ஒரு கொக்கியை மாட்டி, மெல்லிய கம்பியால் சுற்றி, ஈயத்தை உருக்கி ஊற்றி, அதன்மேல் வாரிய முத்திரையைக் குத்திவிட்டுப் போனான். அதற்கப்புறம் பத்து வருஷமாகச் சுவர் நின்ற இடத்திலேயே நிற்கிறது. வளைந்து கொடுத்ததெல்லாம் உள்ளே இருந்தவர்களின் முதுகுதான்.

அந்தச் சுவரின் ஓரத்துக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையே உள்ள சந்துதான் குளியலறை வாசல். விசிறி போல மடிகிற கதவு ஒன்று அதில் உண்டு; சுவர் விலகினால் கதவும் கூடவே விரியும். நல்ல யோசனைதான், யார் இல்லை என்றது? தையல்காரம்மா தன் அளவு டேப்பால் அளந்து பார்த்தார். வாசல் இருபத்திரண்டு அங்குலம். அவர் வீட்டுக்காரரின் வாக்கர் இருபத்துநான்கு.

வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். முப்பத்தொரு வருஷம் ஓட்டினார். ஓய்வு பெற்றும் தெருவில் அவருக்கு டிரைவர் என்றுதான் பேர். "சந்து எவ்வளவு குறுகலா இருந்தாலும் சரி, வண்டியோட ஒரு கீறல் விழாம வெளிய எடுப்பேன்" என்று மார் தட்டியவர், இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்து வந்தபின் இரண்டு அங்குலத்திடம் தோற்றுப்போனார். ஒருமுறை வாக்கரை வெளியே விட்டுவிட்டு, மனைவியின் தோளைப் பிடித்தபடி உள்ளே போகப் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்கள். மேல்மாடிக்காரர் சத்தம் கேட்டு வந்து தூக்கும்வரை தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அன்றிலிருந்து கழிவுக்குப் படுக்கையை ஒட்டி ஓட்டை போட்ட நாற்காலி; குளியலுக்குச் சமையலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு வாளி வெந்நீர். ஜன்னலுக்குத் தையல்காரம்மாவே ஒரு திரை தைத்து மாட்டினார்.

மூன்று மாதம் அப்படிப் போயிற்று. அடுப்பைப் பார்த்தபடி குளிக்கிற மனுஷன் ஒருநாள் நிமிராமலே சொன்னார்: "இந்தா, பொண்ணு சொன்ன அந்த முதியோர் இல்லத்துக்குப் போன் பண்ணிட்டேன். ஒண்ணாந்தேதி ஒரு கட்டில் காலியாகுதாம்."

"யாரைக் கேட்டுப் பண்ணீங்க?"

"அங்க வாசல் அகலமாம். நாப்பது இன்ச்சாம்."

தையல்காரம்மா சொம்பைக் கீழே வைத்தார். நாற்பத்திரண்டு வருஷக் குடித்தனம் இரண்டு அங்குலத்தில் உடைகிறதா? அவருக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மறுநாள் காலையிலேயே வாரியத்துக்குக் கிளம்பிவிட்டார்.

வாரியத்தின் முழுப்பெயர் முதுமையோடு வளையும் இல்லங்கள் வாரியம். அந்த அலுவலகத்தில் எல்லாமே நகரும். மேசைக்குச் சக்கரம், நாற்காலிக்குச் சக்கரம், தடுப்புக்குச் சக்கரம், குப்பைத்தொட்டிக்குக்கூடச் சக்கரம். மனுக்கள் மட்டும் வைத்த இடத்தில் இருக்கும்.

கவுண்டரில் இருந்த எழுத்தர் மனுவை வாங்கிப் படித்தார்.

"வாசல் இருபத்திரண்டு அங்குலம்னு எழுதியிருக்கீங்க. எதால அளந்தீங்க?"

"டேப்பால."

"எந்த டேப்பு?"

தையல்காரம்மா கழுத்தில் தொங்கிய டேப்பைக் காட்டினார். எழுத்தர் சிரித்துவிட்டார்.

"அம்மா, அது துணி அளக்கிற டேப்பு. துணி வளையும். இது சுவரு. நாளைக்கு நான் கொத்தனார் மட்டப்பலகையை வெச்சு உங்களுக்கு ரவிக்கை அளந்தா ஒத்துக்குவீங்களா?"

தையல்காரம்மா டேப்பைச் சுருட்டி முந்தானைக்குள் செருகிக்கொண்டார்.

"அது கிடக்கட்டும். சுவரை நகர்த்தணும்னா உங்க வீட்டுக்காரர் முதுமையோட மூணாம் கட்டத்துக்கு வந்திருக்கணும். அவர் எந்தக் கட்டம்?"

"எழுபத்துமூணு வயசுங்க."

"வயசைக் கேக்கல, கட்டத்தைக் கேட்டேன். வயசு எல்லாருக்கும் தானா ஆயிடும்மா. கட்டத்தை வாரியம்தான் குடுக்கணும்."

"சரி, வந்து பாத்துட்டுக் குடுங்க."

"வருவோம். மாதிரி முதியவர் வந்து பார்ப்பாரு."

மாதிரி முதியவர் என்றால் பெரியவர் யாரோ வருவார், பட்டறிவுள்ளவர், பார்த்தவுடன் புரிந்துகொள்வார் என்று தையல்காரம்மா நிம்மதியாக வீடு திரும்பினார். டிரைவருக்குச் சலவைச் சட்டை போட்டுவிட்டார். நம் தையல்காரம்மாவுக்கு வெகுளித்தனம் கொஞ்சம் ஜாஸ்திதான்.

அடுத்த வாரம் வந்தது இரண்டு பேர். ஒருவர் மேற்பார்வையாளர். இன்னொருவனுக்கு இருபத்தாறு வயதிருக்கும். மீசை அப்போதுதான் கறுத்திருந்தது. அவன் ஒரு பெரிய பெட்டியைத் திறந்து முழங்காலில் எடைப் பட்டைகளைக் கட்டிக்கொண்டான். முதுகில் ஒரு பாரத்தை ஏற்றினான். காதில் பஞ்சை அடைத்து, மங்கலான கண்ணாடியையும் போட்டுக்கொண்டான். இதுதான் வாரியம் செய்வித்த முதுமை உடுப்பாம். உடுப்புக்குள் போன நிமிஷத்திலிருந்து அவன்தான் முதியவர். சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

மேற்பார்வையாளர் படிவத்தின் ஓரத்தைக் கிழிக்கப் பார்த்து, தையல் மெஷின் மேல் இருந்த கத்திரிக்கோலுக்குக் கை நீட்டினார்.

"அதைத் தொடாதீங்க!" தையல்காரம்மா கத்தின கத்தலில் காதில் பஞ்சு அடைத்தவனே திரும்பிப் பார்த்தான்.

"காகிதம் வெட்டத்தாம்மா."

"அது துணி வெட்டற கத்திரி. காகிதம் பட்டா முனை மழுங்கிடும். முப்பத்தெட்டு வருஷமா துணியைத் தவிர வேற எதையும் தொட்டதில்ல. என் வீட்டுக்காரருக்கே குடுத்ததில்ல, உங்களுக்கா குடுப்பேன்?"

தையல்காரர்கள் எல்லாருமே இப்படித்தான். நகையைக் கேட்டால்கூடக் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள், கத்திரிக்கோலைக் கொடுக்க மாட்டார்கள். மேற்பார்வையாளர் படிவத்தைக் கையாலேயே கிழித்துக்கொண்டார்.

சோதனை தொடங்கியது. டிரைவர் வாக்கரை ஊன்றி எழுந்து, தன் கஷ்டத்தைக் காட்ட வாசல் பக்கம் இரண்டடி வைத்தார்.

"ஐயா, ஐயா, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க" என்றார் மேற்பார்வையாளர். "முதியவர் வர்றாரு."

டிரைவர் ஒதுங்கி நின்றார். முதியவர் பெட்டியிலிருந்து வாரிய வாக்கரை எடுத்து விரித்தார். அதன் அகலம் இருபது அங்குலம். நேராக உள்ளே போனார், திரும்பினார், வெளியே வந்தார். இன்னொரு தடவையும் போய் வந்தார். போகிற போக்கில் அங்கேயே முகமும் கழுவிக்கொண்டார்.

"சிரமம் உண்டா?" என்று கத்திக் கேட்டார் மேற்பார்வையாளர்.

"இல்லீங்க சார்" என்றான் முதியவன்.

"சிரமம் இல்லை" என்று எழுதினார் மேற்பார்வையாளர்.

"அவன் வாக்கர் சின்னது!" என்றார் தையல்காரம்மா. "ஆஸ்பத்திரியில குடுத்தது இதோ நிக்குது பாருங்க, இதை வெச்சுப் பாருங்க!"

"அம்மா, ஆஸ்பத்திரி வாக்கருக்கு எல்லாம் நாங்க பொறுப்பில்ல. எங்க வாசலுக்கு எங்க வாக்கர் சரியா நுழையுது. ரெண்டையும் ஒரே கையால டிசைன் பண்ணியிருக்கோம்." சொல்லிவிட்டு அவர் தரையில் குனிந்து ஈய முத்திரையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட! பளபளன்னு இருக்கே. யார் துடைக்கிறது?"

"நான்தான். தினமும் வீடு துடைக்கும்போது அதையும் துடைப்பேன்."

"இப்படித்தாம்மா இருக்கணும். குடியிருக்கிறவங்களோட முதல் கடமையே முத்திரைப் பராமரிப்புதான்."

இதற்கு மேலே போய் முறையிட ஓர் அதிகாரி இருந்தார். கட்ட நிர்ணய அதிகாரி. தையல்காரம்மா மூன்று முறை போனபின் நாலாம் முறை பார்க்க முடிந்தது. அவர் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். அது ஒன்றுதான் அவரால் செய்ய முடிந்த உதவி.

"உங்க மனக்கஷ்டம் எனக்குப் புரியுதும்மா. ஆனா பாருங்க, உங்க குடியிருப்புல நாப்பத்தெட்டு வீடு. கைக்குழந்தை வரைக்கும் அத்தனை பேர் வயசையும் கூட்டி வகுத்துப் பாத்தோம். சராசரி முப்பத்தொம்பது வருது. முப்பத்தொம்பது வயசு ஆளுக்கு எதுக்கும்மா சுவர் நகரணும்?"

"என் வீட்டுக்காரருக்கு எழுபத்துமூணுங்க!"

"அவர் ஒருத்தரை மட்டும் தனியா எடுத்துப் பாத்தா அது பாரபட்சம் ஆயிடும். நாளைக்கு ஆளாளுக்கு நானும் கிழவன், நானும் கிழவன்னு வந்து நிப்பாங்க."

"வீடே வயசானவங்களுக்காகத்தானே கட்டினீங்க?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குழந்தைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார்: "அங்கதான் தப்பாப் புரிஞ்சுக்கிறீங்க. நாங்க முதுமைக்காக வேலை செய்யறோம்மா. முதியவங்களுக்காக இல்ல."

தையல்காரம்மா எழுந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமி யார், பூசாரி யார் என்றே அவருக்கு விளங்கவில்லை. வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன் சார். முத்திரையைத் துடைக்கிற மாதிரி தண்டவாளத்துக்கும் எண்ணெய் போடலாங்களா? துருப் பிடிக்குது."

அதிகாரி கையேட்டை எடுத்துப் புரட்டினார். "பராமரிப்பு குடியிருப்பவர் பொறுப்பு. தடை ஒண்ணும் இல்ல. தாராளமாப் போடுங்க." போகிறவரைப் பார்த்து, "உங்கள மாதிரி பொறுப்பானவங்க இருந்தா எங்களுக்கு வேலையே இல்லம்மா" என்று பாராட்டவும் செய்தார்.

அன்றிலிருந்து தையல் மெஷின் எண்ணெய் தினம் பத்துச் சொட்டு அந்தத் தண்டவாளத்துக்குள் இறங்கியது. சக்கரங்களுக்குப் பழைய பல்துலக்கியால் தடவினார். டிரைவர் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஓடாத வண்டிக்கு எதுக்கு எண்ணெய் போடற?"

"நீங்க சும்மா இருங்க."

ஒண்ணாந்தேதிக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஒரு கடிதம் வந்தது. வாரியத்தின் பத்தாவது ஆண்டு நிறைவு. பத்து ஆண்டில் நாற்பத்தெட்டு வீடுகளிலும் ஒரு சுவர்கூட நகரவில்லையாம். மக்கள் முழுத் திருப்தியோடு இருப்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லையாம். முத்திரையை மிகச் சிறப்பாகக் காத்த வீடாக இந்த வீடு தேர்வாகியிருக்கிறதாம். தலைவரே நேரில் வந்து சுவரின் முன்னால் நின்று பேசி, நற்சான்று வழங்குவாராம்.

டிரைவர் கடிதத்தை வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார். "என்னைக் குளிக்க விடாததுக்கு உனக்குப் பரிசா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் துணிப்பை, சட்டைகள் மடித்து அடுக்கிய நிலையில், கட்டிலுக்குக் கீழே ஏற்கெனவே தயாராக இருந்தது.

விழா நாளன்று படுக்கையறையில் நிற்க இடமில்லை. மேற்பார்வையாளர், கட்ட நிர்ணய அதிகாரி, எழுத்தர், படம் எடுக்கிறவர், உடுப்போடு மாதிரி முதியவர். வாசலிலும் மாடிப்படியிலும் அக்கம்பக்கத்தார். தலைவர் கடைசியாக வந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும். இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மூன்று மாடி ஏறிய மூச்சு அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. லிஃப்டும் முதுமைக்கான வசதிதான் என்பதால் அதற்கும் முத்திரை வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

"முதுமை என்பது உடம்பில் இல்லை" என்று தொடங்கினார் தலைவர். "அது மனசில் இருக்கிறது. இந்தச் சுவரைப் பாருங்கள். இது நகரும். நகரும் என்கிற நம்பிக்கையைத்தான் நாம் மக்களுக்குக் கொடுத்தோம். நகர்த்திவிட்டால் அப்புறம் நம்பிக்கை எங்கே இருக்கும்? நகர்ந்த சுவர் வெறும் சுவர். நகராத சுவர்தான் வாய்ப்பு!"

அதிகாரிகள் கை தட்டினார்கள். கட்டிலில் உட்கார்ந்திருந்த டிரைவரைப் பார்த்து, "ஐயா, தலைவருக்கு மறைக்குது, கொஞ்சம் சாஞ்சுக்குங்க" என்றார் மேற்பார்வையாளர்.

அந்த ஒரு வார்த்தைதான். தையல்காரம்மா மெஷினண்டை போனார். கத்திரிக்கோலை எடுத்தார். முப்பத்தெட்டு வருஷம் துணியைத் தவிர வேறு எதையும் தொடாத கத்திரிக்கோல். வழியில் நின்றவர்கள், நாடா வெட்டத்தான் வருகிறார் என்று நினைத்து மரியாதையாக விலகினார்கள். படம் எடுக்கிறவர் தயாரானார். தையல்காரம்மா தரையில் உட்கார்ந்தார். ஈய முத்திரையின் கம்பியைக் கத்திரியின் வாயில் கொடுத்தார். கை ஒரு கணம் நின்றது. அவருக்கு வலித்தது, பொய் சொல்வானேன். பிறகு அழுத்தினார்.

நறுக்.

"அம்மா! என்ன பண்றீங்க!" மேற்பார்வையாளர் பாய்ந்தார். "முத்திரையை உடைச்சா குற்றம்! வீட்டையே காலி பண்ண வேண்டி வரும்!"

"எழுதிக்குங்க. தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் போனா என்ன, முழம் போனா என்ன?" கொக்கியைப் பிடுங்கி எறிந்தார். எழுந்து நின்று தோளைச் சுவரில் கொடுத்தார். தேவையே இருக்கவில்லை. ஒரு வாரமாக எண்ணெய் குடித்த சக்கரம், தொட்டவுடன் சர்ரென்று ஓடியது. அதன்மேல் ஸ்டைலாகச் சாய்ந்திருந்த கட்ட நிர்ணய அதிகாரியும் கூடவே இரண்டடி போனார். விசிறிக் கதவு விரிந்தது. பத்து வருஷம் ஒளிந்திருந்த நீல ஓடுகள் வெளிச்சத்துக்கு வந்தன.

தையல்காரம்மா கணவரைப் பார்த்தார்.

"என்ன பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க? துண்டை எடுங்க."

டிரைவர் எழுந்தார். துண்டைத் தோளில் போட்டார். வாக்கரை ஊன்றினார். இந்தத் தடவை ஒதுங்கி நில்லுங்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, அவர்கள்தான் ஒதுங்கினார்கள். வாசலில் வந்ததும் பழக்க தோஷம், இடப்பக்கம் ஒரு பார்வை, வலப்பக்கம் ஒரு பார்வை.

"இடம் இருக்கா?" என்றார்.

"தாராளமா இருக்கு" என்றார் தையல்காரம்மா. பிறகு குரலை உயர்த்தினார். "போலாம், ரைட்!"

டிரைவர் ஒரு கீறல் விழாமல் உள்ளே போய்க் கதவை இழுத்துக்கொண்டார். அடுத்த நிமிஷம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சொம்புத் தண்ணீர் இல்லை, குழாயைத் திறந்துவிட்ட தண்ணீர்.

"சுவரைப் பழையபடி தள்ளுங்க, உடனே!" என்றார் கட்ட நிர்ணய அதிகாரி.

"தள்ளுங்களேன், கதவும் கூடவே மடங்கித் திறந்துக்கும்" என்றார் தையல்காரம்மா. "உள்ள என் புருஷன் அம்மணமாக் குளிச்சிட்டிருக்காரு. படம் எடுக்கிறவரும் பக்கத்துலயே நிக்கறாரு. வாரியத்துக்குப் பெருமையா இருக்கும்."

யாரும் தள்ளவில்லை. தலைவர் பேச்சின் மிச்சத்தைப் பேச வாயெடுத்தார். ஆனால் தண்ணீர்ச் சத்தம் கேட்கக் கேட்க அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. எழுபத்தைந்து வயது, மூன்று மணி நேரக் கார் பயணம். காதோடு மேற்பார்வையாளரிடம் ஏதோ சொன்னார். மேற்பார்வையாளர் தயங்கித் தயங்கிப் போய்க் கதவைத் தட்டினார்.

"ஐயா, தலைவருக்குக் கொஞ்சம் அவசரம்..."

"உள்ள ஆள் இருக்கு!" என்றது டிரைவரின் குரல். நாலு மாதத்துக்கு அப்புறம் அந்தக் குரலில் பழைய பேருந்து ஓடியது. "நாலு மாசத்து அழுக்கு, நேரமாகும். முதுமை மனசுலதானே இருக்கு? கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க!" சற்று இடைவெளி விட்டு மறுபடியும் குரல் வந்தது. "இந்தா, கேக்குதா? அந்த இல்லத்துக்குப் போன் பண்ணி, கட்டிலை வேற யாருக்காவது குடுக்கச் சொல்லு. நான் வரல."

தையல்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கத்திரிக்கோலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அலகின் நடுவே ஒரு பல் விழுந்திருந்தது. இனி இது துணிக்கு ஆகாது.

தலைவரைக் கைத்தாங்கலாகக் கீழே அழைத்துப்போனார்கள். அதிகாரிகள் பின்னாலேயே ஓடினார்கள். மாதிரி முதியவன் மட்டும் நகரவில்லை. மங்கல் கண்ணாடியைக் கழற்றினான், காதுப் பஞ்சைப் பிடுங்கினான். வியர்வை வழிய தையல்காரம்மா பக்கத்தில் வந்து நின்றான்.

"அம்மா, எங்கப்பாவும் இதே கட்டடத்துலதான், ஆறாவது மாடி. ரெண்டு வருஷமா அவருக்கும் சமையலறையிலதான் குளியல்." கை நீட்டினான். "அந்தக் கத்திரியைக் கொஞ்சம் குடுக்கறீங்களா?"

அவனுக்குப் பின்னால் மேல்மாடிக்காரர் நின்றார். அவருக்குப் பின்னால் எதிர்வீட்டு அம்மா. அதற்கும் பின்னால் மாடிப்படியில் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

கட்டிய கணவனுக்கும் கொடுக்காத கத்திரிக்கோலைத் தையல்காரம்மா அவன் கையில் வைத்தார். வைத்தவர் சட்டென்று விடவில்லை. ஒரு நிமிஷம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்டிப்பாகச் சொன்னார்:

"துணி, காகிதம் எதையும் இதால தொடக் கூடாது, சொல்லிட்டேன். முத்திரை மட்டும்தான் வெட்டணும். வெட்டிட்டு அடுத்த வீட்டுல குடுத்துடு."